பட்ஜெட் கேமிங் பிசிக்கு மதர்போர்டு சிப்செட்: எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசியில்

போன கோடை விடுமுறையில் அம்மாபேட்டையில் இருக்கும் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். "மாமா, இந்த போர்டு ஆஃபர்ல கிடைக்குது, எடுத்துடட்டுமா?" இசட்790 சிப்செட் போர்டு, விலை உயர்ந்த ரகம். பிராசசர் என்ன என்று கேட்டேன். கோர் ஐ3 என்றான், இன்டெலின் விலை குறைந்த ரகம். கிராபிக்ஸ் கார்டு? "அதுக்குத்தான் மாமா பணம் பத்தல."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. சேலத்திலும் ஏற்காட்டிலும் உறவுக்காரர்கள், நண்பர்கள், நண்பரின் நண்பர்கள் என்று பலருக்கு அசெம்பிள் செய்து கொடுத்திருக்கிறேன். தடுமாறியவர்களில் முக்கால்வாசிப் பேர் தடுமாறியது ஒரே இடத்தில்தான். சிப்செட்டின் (போர்டில் என்னென்ன வசதி என்று தீர்மானிக்கும் சில்லு) பெயரை முதலில் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கேற்ப வளைத்தார்கள். சிப்செட் உண்மையில் நான்காவதாக முடிவு செய்ய வேண்டிய விஷயம். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. முதலில் ஒரு தாளில் ஐந்து வரி

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "பட்ஜெட் எவ்ளோ?" என்பது. அதற்கு மட்டும் பதில் வைத்துக்கொண்டு போனால் அவரிடம் ஸ்டாக் இருப்பது உங்கள் தலையில் கட்டப்படும். அதனால் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

மானிட்டர் எது, 1080பியா 1440பியா, எத்தனை ஹெர்ட்ஸ். எந்த கேம்களை அதிகம் ஆடப்போகிறீர்கள். மானிட்டர், கீபோர்டு தவிர்த்து கையில் உள்ள மொத்தப் பணம் எவ்வளவு. பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் போடக்கூடியது என்ன: ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கேபினெட். கடைசியாக, கம்ப்யூட்டர் எந்த அறையில் இருக்கப்போகிறது, அங்கே நெட் கேபிளில் வருமா வைஃபையா.

கடைசி வரியைப் பலர் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். சேலத்து மே மாதத்தில் சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே இருக்கும் அறையும் ஏற்காட்டில் எஸ்டேட் வீட்டு அறையும் ஒன்றல்ல. ஐந்தாவது படியில் அது பணமாக மாறும்.

பழைய ரேம் இருந்தால் அது டிடிஆர்3-ஆ, 4-ஆ, 5-ஆ என்று ஸ்டிக்கரைப் பார்த்து எழுதுங்கள். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது, காடி வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்3 என்றால் அதை மறந்துவிடலாம்.

2. கிராபிக்ஸ் கார்டை முடிவு செய்யுங்கள்

கேமிங்கில் படம் எவ்வளவு சீராக ஓடும் என்பதில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குத்தான். மொத்தப் பணத்தில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்தை இதற்கு ஒதுக்குவது என் வழக்கம். போர்டுக்கு மிச்சமாவதில் ஒரு பங்கு போதும்.

இதை முதலில் முடிவு செய்ய இன்னொரு காரணமும் உண்டு. கார்டுக்கும் பிராசசருக்கும் இடையே தகவல் போகும் பாதை பிசிஐ எக்ஸ்பிரஸ், சுருக்கமாக பிசிஐஇ. எத்தனை லேன் (தடம்), எந்தத் தலைமுறை (3.0, 4.0 என்று எண் போடுவார்கள்) என்ற இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பாதையின் அகலத்தைத் தீர்மானிக்கின்றன. தலைமுறை ஒன்று ஏறினால் ஒவ்வொரு லேனின் வேகமும் இரட்டிப்பாகும்.

போர்டில் உள்ள நீளமான ஸ்லாட் 16 லேனுக்கானது. ஆனால் விலை குறைந்த கார்டுகள் அத்தனை லேனையும் பயன்படுத்துவதில்லை. ரேடியான் ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060 எல்லாம் பிசிஐஇ 4.0-வில் எட்டு லேன். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே லேன்.

அந்த நான்கு லேன் கார்டை பிசிஐஇ 3.0 மட்டுமே தரும் போர்டில் செருகினால் வினாடிக்கு சுமார் 8 ஜிபி போக வேண்டிய பாதை 4 ஜிபியாகச் சுருங்கிவிடும். அந்தக் கார்டில் இருப்பதோ 4 ஜிபி மெமரி. புதிய கேம்களில் அது சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பியதும் கார்டு பாதை வழியாக ரேமுக்கு ஓடி ஓடிப் போய்வர வேண்டும். அப்போதுதான் படம் திக்கித் திக்கி நிற்கும். எட்டு லேன் கார்டுகளில் இந்த இழப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, மெமரி நிரம்பும் கேம்களில் மட்டும் தலைகாட்டும்.

ஆகவே உங்கள் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் லேன் எண்ணிக்கையையும் தலைமுறையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

3. பிராசசர், அதோடு சாக்கெட், அதோடு ரேம்

பிராசசரைத் தேர்ந்தெடுத்தால் சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) தானாக முடிவாகிவிடும். சாக்கெட் முடிவானால் ரேம் வகையும் கிட்டத்தட்ட முடிவானது. அதனால்தான் இந்த மூன்றும் ஒரே படி.

பட்ஜெட்காரர்களுக்கு நடைமுறையில் மூன்று வழிகள்.

ஏஎம்டியின் ஏஎம்4. டிடிஆர்4 ரேம். ரைசன் 5 5600, ரைசன் 5 5500 போன்றவை. இந்த சாக்கெட்டுக்கு இனிப் பெரிதாக எதுவும் வராது. இருப்பதற்குள் மேலே ஏறிக்கொள்ளலாம்.

இன்டெலின் எல்ஜிஏ 1700. 12, 13, 14-ஆம் தலைமுறை கோர் பிராசசர்கள். போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5. கோர் ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் இரண்டும் பட்ஜெட்டில் நன்றாக உழைப்பவை. இதுவும் 14-ஆம் தலைமுறையோடு முடிந்த சாக்கெட்.

ஏஎம்டியின் ஏஎம்5. டிடிஆர்5 மட்டுமே. ரைசன் 5 7500எஃப், 7600 போன்றவை. 2027-க்கும் அதற்கு மேலும் இந்த சாக்கெட்டுக்கு ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. மூன்று வருடம் கழித்து பிராசசரை மட்டும் மாற்ற நினைப்பவருக்கு இதுதான் வழி.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறு ஏறென்று ஏறிவிட்டது. ஏஐ சர்வர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போகின்றன, மிச்சத்துக்கு நாம் அடித்துக்கொள்கிறோம். அதனால் என் கணக்கு இப்படி: வீட்டில் டிடிஆர்4 ரேம் 16 ஜிபி நல்ல நிலையில் இருந்தால் ஏஎம்4 அல்லது டிடிஆர்4 எடுக்கும் 1700 போர்டு. எல்லாமே புதிதாக வாங்குவதாக இருந்து, கிராபிக்ஸ் கார்டின் பங்கைக் குறைக்காமல் டிடிஆர்5-க்கும் பணம் எட்டினால் ஏஎம்5. எட்டாவிட்டால் எட்டாததுதான், கடன் வாங்கிப் போக வேண்டாம்.

இன்டெல் பிராசசர் பெயரின் முடிவில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்4-இல் 5600-க்கும் 5500-க்கும் எஃப் என்ற எழுத்து இல்லாவிட்டாலும் கிராபிக்ஸ் கிடையாது. 5600ஜி-க்கு உண்டு. எட்டாவது படியில் இது திரும்ப வரும்.

4. இப்போது சிப்செட்

சிப்செட் என்ன செய்கிறது என்பதை ஒரு தடவை தெளிவாகப் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். கிராபிக்ஸ் கார்டின் லேன்கள் பிராசசரிலிருந்து நேராக வருகின்றன, சிப்செட் வழியாக அல்ல. கூடுதல் யுஎஸ்பி, சாட்டா (ஹார்டு டிஸ்க் ஒயர் மாட்டும் இடம்), கூடுதல் எம்2 ஸ்லாட் (எஸ்எஸ்டியை நேராகப் போர்டிலேயே செருகும் இடம்), நெட்வொர்க் இவைதான் சிப்செட்டின் வேலை. அதோடு எதையெல்லாம் அனுமதிக்கலாம் என்ற வேலியும் அதுதான்: ஓவர்கிளாக் (பிராசசரை விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யலாமா, ரேமை வேகமாக ஓட்டலாமா, பிராசசரின் லேன்களை எந்தத் தலைமுறையில் திறந்துவிடலாம் என்பது போல. விலை உயர்ந்த சிப்செட் தன்னளவில் ஒரு ஃபிரேம்கூடக் கூட்டித் தராது.

ஏஎம்4-இல் புதிதாக வாங்கினால் ஏ520, பி550 இரண்டுக்குள் முடித்துவிடலாம். ஏ520-இல் பிராசசர் ஓவர்கிளாக் இல்லை, எல்லாமே பிசிஐஇ 3.0. பி550-இல் கிராபிக்ஸ் ஸ்லாட்டும் முதல் எம்2 ஸ்லாட்டும் பிசிஐஇ 4.0. இரண்டாவது படியில் எழுதிய லேன் கணக்கு இங்கேதான் உதவும். நான்கு லேன் கார்டு என்றால் பி550 கட்டாயம். எட்டு லேன் கார்டு என்றால் பி550 நல்லது, ஏ520 மோசமில்லை.

ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது, நிறையப் பேர் விழுந்திருக்கிறார்கள். ரைசன் 5 5500, 5600ஜி இரண்டும் பிசிஐஇ 3.0 மட்டுமே தருபவை. இவற்றை பி550 போர்டில் போட்டாலும் 3.0-தான் கிடைக்கும், ஏனென்றால் லேன் பிராசசரிலிருந்து வருகிறது. குழாயில் தண்ணீர் வராதபோது வாசலில் பெரிய தொட்டி கட்டிய கதை. 5500 வாங்கினால் ஏ520 போதும். பி550-க்குப் பணம் கொடுப்பதென்றால் பிராசசர் 5600 ஆக இருக்கட்டும்.

பழைய பி450 போர்டு யாராவது மலிவாகக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கிராபிக்ஸுக்கு 3.0 லேன், பயாஸ் (போர்டை எழுப்பிவிடும் உள் மென்பொருள்) மட்டும் ஆறாவது படிப்படி பார்க்க வேண்டும்.

இன்டெல் 1700-இல் எச்610-ஆ, பி660 அல்லது பி760-ஆ என்பதுதான் கேள்வி. இசட் வரிசை, பெயரில் கே உள்ள பிராசசர்களை ஓவர்கிளாக் செய்பவர்களுக்கானது. கே இல்லாத பிராசசரை இசட் போர்டில் போடுவது என் அக்கா மகன் போட்ட கணக்கு.

எச்610-இல் ரேம் ஸ்லாட் இரண்டுதான். ரேமை அனுமதிக்கப்பட்ட வேகத்துக்கு மேல் ஓட்ட முடியாது. டிடிஆர்4 என்றால் 3200 வரை. 3600 கிட் வாங்கிப் போட்டால் கூடுதலாகக் கொடுத்த பணம் வீண். பிராசசரிலிருந்து நேராக வரும் எம்2 லேன்களும் எச்610-இல் திறக்கப்படுவதில்லை, எஸ்எஸ்டி சிப்செட் வழியாக 3.0 வேகத்தில் ஓடும். கேம் ஆடுவதற்கு அந்த வேகமே தாராளம். ஐ3-12100எஃப் அல்லது ஐ5-12400எஃப், 3200 ரேம் இரண்டு, ஒரு எஸ்எஸ்டி, அவ்வளவுதான் என்பவருக்கு எச்610-இல் குறையொன்றுமில்லை. அதற்கு மேல் ஏதாவது நினைப்பு இருந்தால் பி760.

ஏஎம்5-இல் ஏ620, பி650, பிறகு வந்த பி840, பி850. ஏ620-இல் பிராசசர் ஓவர்கிளாக் இல்லை, ரேம் எக்ஸ்போ வேகத்தில் (ரேமின் பெட்டியில் போட்டிருக்கும் முழு வேகம்) ஓடும், கிராபிக்ஸுக்கு 4.0 உண்டு. 65 வாட் வகுப்பு பிராசசர்களை மனத்தில் வைத்து வந்தது. ஆனால் ஏஎம்5 வாங்குவதன் முழு நோக்கமே பின்னால் பெரிய பிராசசர் போடுவதுதான். அதற்கு இன்றைக்கே வழியை அடைப்பானேன்? விலை வித்தியாசம் சகிக்கும்படி இருந்தால் பி650. பி840-ஐப் பெயரைப் பார்த்து பி650-க்கு அண்ணன் என்று நினைக்காதீர்கள். அதில் பிராசசர் ஓவர்கிளாக் இல்லை, சிப்செட் தரும் லேன்களும் 3.0-தான். எண் பெரிது, ஆள் சிறிது.

ஏஎம்5-இலும் லேன் குழி உண்டு. ரைசன் 5 8400எஃப் கிராபிக்ஸுக்கு எட்டு லேன்தான் தரும், 8500ஜி நான்கே லேன். தனி கிராபிக்ஸ் கார்டு போடுபவர் 7500எஃப் பக்கம் போவது நல்லது.

5. ஒரே சிப்செட், ஆனால் ஒரே போர்டு அல்ல

பி550 என்று எழுதிய பத்து போர்டை வரிசையாக வைத்தால் பத்தும் பத்து மாதிரி. சிப்செட் பெயர் குறைந்தபட்ச உறுதி மட்டும்தான். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

பார்க்க வேண்டியவற்றில் முதலாவது விஆர்எம். எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டை பிராசசருக்குத் தேவையான ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கும் பகுதி இது. சாக்கெட்டுக்கு இடப்பக்கமும் மேலேயும் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரங்களும் பக்கத்தில் சாம்பல் நிறக் கட்டிகளும் வரிசையாக இருக்கும். நல்ல போர்டில் அந்தக் கறுப்புச் சதுரங்களின் மேல் அலுமினிய ஹீட்சிங்க் உட்கார்ந்திருக்கும். மலிவான போர்டில் மொட்டையாக இருக்கும். பெட்டியின் படத்திலேயே தெரியும், எண்ணிப் பார்க்கத் தெரியாவிட்டாலும் மூடியிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

கொண்டலாம்பட்டியில் ஒரு தம்பி ஐ5-13400எஃப்-ஐ மொட்டை எச்610 போர்டில் போட்டிருந்தான். "ண்ணா, ராத்திரி சூப்பரா ஓடுது, மத்தியானம் மட்டும் கேம் அப்படியே நின்னு நின்னு போகுது" என்றான். மதியம் இரண்டு மணிக்குப் போனேன். மாடி அறை, மேலே ஷீட், ஃபேன் காற்றே சூடாக வந்தது. பிராசசர் வெப்பம் 70 டிகிரிகூடத் தொடவில்லை. ஆனால் கேம் திக்கும் ஒவ்வொரு முறையும் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸுக்கு விழுந்து எழுந்தது. விஆர்எம் சூடு தாங்காமல் பிராசசரின் கழுத்தைப் பிடித்தது. அந்த பிராசசர் உச்சத்தில் 148 வாட் வரை கேட்கும். ஐ5-12400எஃப் உச்சம் 117, ஐ3-12100எஃப் 89. அதே மொட்டை போர்டில் ஐ3 என்றால் அந்த அறையிலும் தப்பித்திருக்கும்.

டவர் கூலரோ லிக்விட் கூலரோ போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெட்டியோடு வரும் சாதா கூலர் கீழ்நோக்கி ஊதுவதால் அதைச் சுற்றியுள்ள விஆர்எம்முக்கும் காற்று கிடைக்கும். டவர் கூலர் காற்றைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். மொட்டை போர்டுக்கு டவர் கூலர் போட்டால் பிராசசர் குளிரும், போர்டு வேகும்.

அடுத்து எம்2 ஸ்லாட். எத்தனை இருக்கிறது, இரண்டாவதில் எஸ்எஸ்டி போட்டால் எந்த சாட்டா போர்ட் அணையும் என்பது மேனுவலில் சின்ன எழுத்தில் இருக்கும். பழைய ஹார்டு டிஸ்க்கை மாற்றிப் போடுபவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள்: டிஸ்க் போய்விட்டது என்று அழுவார்கள், போர்ட்தான் அணைந்திருக்கும்.

ரேம் ஸ்லாட் நான்கா இரண்டா? டிடிஆர்4-இல் இன்று 8 ஜிபி இரண்டு, பிறகு இன்னும் இரண்டு என்ற எண்ணம் இருந்தால் நான்கு வேண்டும். டிடிஆர்5-இல் நான்கையும் நிரப்பினால் வேகம் இறங்கிவிடும் என்பதால் இரண்டே போதும்.

வைஃபை போர்டிலேயே வேண்டுமா என்பதற்கு முதல் தாளைப் பாருங்கள். கேபிள் வரும் அறையென்றால் வேண்டாம்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு வெயில் பிரச்சினை இல்லை, 1500 மீட்டர் உயரத்தில் விஆர்எம் சுகமாக இருக்கும். அங்கே எதிரி இடி. கோடை மழையில் மின்னல் இறங்கும்போது பிளக்கைப் பிடுங்குபவர்கள்கூட நெட் கேபிளை மறந்துவிடுவார்கள். அதன் வழியாக வந்து போர்டின் நெட் கேபிள் போர்ட்டை மட்டும் சுட்டுவிட்டுப் போனதை இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன். அங்கே வைஃபை உள்ள போர்டுக்கு நான் யோசிக்காமல் சரி என்பேன்.

6. பயாஸ் பழையதா என்று பாருங்கள்

போர்டில் பிராசசர் பொருந்துவது வேறு, போர்டு அந்த பிராசசரை அடையாளம் காண்பது வேறு. பி550 வந்தது 2020 ஜூனில், ரைசன் 5 5600 வந்தது 2022 ஏப்ரலில். முன்னால் பெட்டியில் அடைக்கப்பட்ட போர்டுக்குப் பின்னால் பிறந்த பிராசசரைத் தெரியாது. பி450-இல் 5000 வரிசை, எச்610-இலும் பி660-இலும் 13, 14-ஆம் தலைமுறை, பி760-இல் 14-ஆம் தலைமுறை, பி650-இல் 9000 வரிசை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

எனக்கு இது ஏற்காட்டில் உறைத்தது. சித்தப்பா வீட்டுக்கு பி450 போர்டும் 5600-ம் வாங்கிக்கொண்டு மேலே போனேன். கடையில் "எல்லாம் சப்போர்ட் ஆகும்" என்றார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். அசெம்பிள் செய்து பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை கறுப்பு. ரேமை மாற்றி மாற்றிப் போட்டு ராத்திரி பதினோரு மணி. மறுநாள் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அஸ்தம்பட்டியில் நண்பரிடம் பழைய ரைசன் 3 ஒன்றை இரவல் வாங்கி, அதைப் போட்டு பயாஸை அப்டேட் செய்து, மறுபடி இருபது வளைவு ஏறினேன். சித்தி "ஒரு பொட்டிக்கு இவ்ளோ அலைச்சலா?" என்று காபி கொடுத்தார்.

தவிர்க்கும் வழி எளிது. போர்டு நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலின் சப்போர்ட் பக்கத்தைத் திறந்து பிராசசர் பட்டியலைப் பாருங்கள். உங்கள் பிராசசருக்கு நேராகக் குறைந்தபட்ச பயாஸ் எண் போட்டிருக்கும். கடையில் பெட்டி மேல் உள்ள ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். எண் தெரியாவிட்டால் அப்டேட் செய்து கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னும் நல்லது, பிராசசர் இல்லாமலேயே பயாஸ் ஏற்றும் பட்டன் உள்ள போர்டாக வாங்குவது. ஆசுஸ் இதை பயாஸ் ஃபிளாஷ்பேக் என்கிறது, எம்எஸ்ஐ ஃபிளாஷ் பயாஸ் பட்டன், கிகாபைட் கியூ-ஃபிளாஷ் பிளஸ். பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து, மேனுவல் சொல்லும் பெயரை ஃபைலுக்கு வைத்து, குறித்த யுஎஸ்பி போர்ட்டில் செருகி, பட்டனை அழுத்த வேண்டியதுதான். பெயர் மாற்றாமல் செருகுவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தப்பு. நடுவில் கரண்ட் போனால் போர்டு படுத்துவிடும், அதனால் யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள்.

13, 14-ஆம் தலைமுறை இன்டெல் வாங்குபவர்கள் ஓடினாலும் கடைசி பயாஸைப் போடுங்கள். அந்த வரிசையின் பெரிய பிராசசர்களில் வோல்டேஜ் அதிகமாகப் போய்ப் பழுதாகும் பிரச்சினைக்கு இன்டெல் 2024-இல் திருத்தம் வெளியிட்டது, அது பயாஸ் வழியாகத்தான் வரும்.

7. பில் போடும் முன், கடையிலேயே

பெட்டியைக் கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள். இன்டெல் 1700-இலும் ஏஎம்5-இலும் பின்கள் போர்டின் சாக்கெட்டுக்குள் இருக்கும். செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்தால் எல்லாப் பின்னும் ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் நிழல் வேறு மாதிரி விழுந்தால் பின் வளைந்திருக்கிறது. வீட்டுக்குப் போனபின் சொன்னால் நீங்கள் வளைத்ததாகத்தான் ஆகும், வாரண்டியும் கிடைக்காது. ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில், அங்கே பாருங்கள்.

சாக்கெட் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள்.

பில்லில் ஜிஎஸ்டியோடு போர்டின் சீரியல் எண்ணும் இருக்கட்டும். "பில் வேண்டாம்னா கொறச்சுத் தரேன்" என்ற பேச்சுக்கு மயங்கினால் பின்னால் சர்வீஸ் சென்டரில் உங்கள் பேச்சு எடுபடாது.

8. கேபினெட்டுக்குள் போகும் முன் மேசை மேல் ஒத்திகை

போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே போர்டை வைத்து பிராசசர், கூலர், ரேம், கிராபிக்ஸ் கார்டு மட்டும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஏதாவது கோளாறு என்றால் எல்லா ஸ்குரூவையும் கழற்றும் வேலை மிச்சம்.

நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேமை பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். முதல் இரண்டில் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் (பிராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை) போய்விடும், அந்தப் பாதையின் அகலம் பாதியாகும்.

பிராசசருக்கான எட்டு பின் ஒயரும் கிராபிக்ஸ் கார்டுக்கான எட்டு பின் ஒயரும் பார்க்க ஒன்று போல இருக்கும். ஒன்றல்ல. பிராசசருடையது நாலும் நாலுமாகப் பிரியும், கார்டுடையது ஆறும் இரண்டுமாக. அழுத்தி நுழைக்க வேண்டியிருந்தால் அது தப்பான ஒயர்.

அப்புறம் எச்டிஎம்ஐ. நள்ளிரவில் எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான்: "ண்ணா, டிஸ்ப்ளே வரல." உள்ளே கிராபிக்ஸ் இல்லாத பிராசசரில் மானிட்டர் ஒயரை போர்டில் செருகினால் வராது, கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள்.

9. முதல் தடவை ஓடியதும்

பயாஸுக்குள் போய் ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் 3200 ரேம் 2133-லோ 2400-லோ தூங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

அங்கேயே சிஎஸ்எம் (பழைய முறையில் பூட் ஆகும் வசதி) ஆஃப், ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே மூச்சில் அணுகும் வசதி) ஆன். இன்டெலின் ஆர்க் கார்டு வாங்கியிருந்தால் இது இல்லாமல் ஆடவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு வேகம் போய்விடும். டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டையும் விண்டோஸ் ஏற்றும் முன்பே ஆன் செய்துவிடுங்கள். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் கேம் இவை இல்லாமல் திறக்காது.

பிறகு கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டு லேன் எண்ணிக்கையைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தலைமுறையை இறக்கிக்காட்டும், பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி டெஸ்ட் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

அக்கா மகன் கடைசியில் இசட்790-ஐ விட்டுவிட்டான். வீட்டில் இருந்த 16 ஜிபி டிடிஆர்4, 5600, ஹீட்சிங்க் மூடிய பி550, ஆர்எக்ஸ் 6600. எல்லாம் மாட்டி முடித்த அன்று ராத்திரி போன் செய்தான்.

"மாமா, 16 லேன் ஸ்லாட்லதான் போட்டேன். எக்ஸ்8 4.0-னு காட்டுது. போர்டு ஃபால்ட்டா?"

"இல்லடா, கார்டுக்கே எட்டுதான். ரெண்டாவது படியில எழுதி வெச்சியே, அந்தத் தாளப் பாரு."